நோட்டில் ஏறிய விமானம்

புதிதாக இருப்பதைப் பழசாக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. அதைத் திரும்பப் புதிதாக்க என் மாமனாருக்கு ஒரே ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவரவர் வீட்டில் நடந்தால் தெரியும்.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து ஊசி, பஞ்சு, குழாய், "வலிக்குமா மேடம்?" என்று ஓடும். வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது யாரும் என்னோடு பேசக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் பிளாஸ்டிக் விமானம் செய்கிறேன். பெட்டியில் சாம்பல் நிறத் துண்டுகளாக வரும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் நிஜ விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி மேஜை மேல் வைத்த மாதிரி இருக்கும்.

"யாருக்கு, கொழந்தைக்கா?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான்" என்றால் என்னை ஒரு பார்வை, என் கணவரை ஒரு பார்வை. அவருக்குத்தான் அனுதாபம் அதிகம் கிடைக்கும். வண்ணம் தெளிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வைத்திருக்கிறேன். அது டர்ரென்று ஓட ஆரம்பித்த முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "கொஞ்சம் காத்து புடிச்சி உடும்மா" என்றார். பிடித்தும் விட்டேன். வேறு என்ன செய்ய?

வண்ணம் அடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அங்கேதான் ஆரம்பமே. வெறும் வண்ணம் அடித்த விமானம் பொம்மையாகத்தான் தெரியும். உலகத்தில் பறந்த எதுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. எஞ்சின் புகைபோக்கிக்குப் பின்னால் கரி படியும், எண்ணெய் வழியும், ஏறி நடந்த இடத்தில் பெயிண்ட் பெயரும், வெயிலில் நிறம் வெளுக்கும். அதையெல்லாம் நாம் போட வேண்டும். ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் கரைத்து, மயிர் மாதிரி பிரஷ்ஷால் இழுத்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றி ஒற்றி எடுத்தால் நாள்பட்ட அழுக்கு மாதிரி வரும். இதற்கென்று பொடிகள் விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் அழுகை வரும். அதனால் கரிக்கு மண்ணெண்ணெய் விளக்கு, மண்ணுக்குக் கல்வராயன் மலை என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கணவரோடு பைக்கில் வெள்ளிமலைப் பாதையில் ஏறி, ஒரு வளைவில் இறங்கிச் செம்மண் அள்ளிக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் சாமை காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி கிட்டே வந்தாள்.

"இன்னாத்துக்கு மண்ணு?"

"ஏரோபிளேனுக்குக்கா."

அவள் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, "எத்தினி நாளா இப்பிடி?" என்று கேட்டாள். அந்த மனுஷன் ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்ணை அவர் சட்டைக்குள் கொட்டியிருப்பேன், வீணாகிவிடுமே என்று விட்டேன்.

இப்போது மாமனாரைப் பற்றி. சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில், ஜெபமாலையும் கடலைக்காடுமாக இருந்த குடும்பத்திலிருந்து பதினெட்டு வயதில் விமானப்படைக்குப் போனவர். பறக்கவில்லை. எஞ்சின் பார்க்கிறவர்களில் ஒருவராகக் கீழே நின்றவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிறது, வேலையை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டில் வாசல் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். வீட்டில் எது சரியில்லை என்றாலும் அதில் எழுதுவார். "மிக்ஸி பிளக் சூடாகிறது." "கேஸ் டியூப் வெடிப்பு." எழுதிக் கையெழுத்துப் போட்டால் சட்டம் மாதிரி. அதைச் சரிசெய்து, சரிசெய்தவர் கீழே கையெழுத்துப் போடும்வரை அந்தப் பொருளை யாரும் தொடக் கூடாது. ஒருமுறை என் கணவரின் வண்டி பிரேக் நோட்டில் ஏறிவிட்டது. சாவியை எடுத்துப் பைபிள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஐம்பது வயதை எட்டப்போகிற மகன் இரண்டு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனார். "எழுதினா எழுதினதுதான்" என்பார் மாமனார். மாமியார்கூட எதிர்த்துப் பேசமாட்டார். "கட்டிக்கிட்ட பாவத்துக்கு நோட்டுக்கும் சேத்து வாக்கப்பட்டேன்" என்று முணுமுணுப்பதோடு சரி.

அவர் வேலை பார்த்த டக்கோட்டா ரகத்தின் பெட்டி கிடைத்தபோது வாங்கினேன். பாதி எனக்காக, பாதி அவருக்காக. இரண்டு எஞ்சின் வைத்த பழைய சரக்கு விமானம். செய்து முடித்தால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் இறக்கை. ஒட்டி முடித்துத் தகரத்தின் வெள்ளி நிறம் அடித்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "நம்ம கப்பலு" என்றார். விமானப்படையில் விமானத்தை அப்படித்தான் சொல்வார்களாம். அந்த வார்த்தைக்கு அன்று நான் உச்சி குளிர்ந்துபோனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அழுக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து வந்தது வினை.

"இன்னாமா இது, இம்மாம் அழுக்கா இருக்குது?"

"நெஜத்துல இப்பிடித்தான் மாமா இருக்கும்."

"எங்க? நான் இருந்த வரைக்கும் என் கப்பலு ஒரு நாளு இப்பிடி நின்னதில்ல."

போனில் பழைய படங்களை எடுத்துக் காட்டினேன், எல்லாவற்றிலும் கரி, எண்ணெய், சேறு. "அது வேற ஸ்குவாட்ரன். சோம்பேறிப் பசங்க" என்றார். தினமும் சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குறை சொல்வார். சக்கரத்தில் சேறு ஜாஸ்தி. கதவோரம் கீறல் எதற்கு. அதிலும் இடது எஞ்சினுக்குக் கீழே நான் இழுத்திருந்த எண்ணெய்க் கோட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது நான் பார்த்துப் பார்த்து, ஒரு வாரம் தடவித் தடவிக் கொண்டுவந்த கோடு. "அதத் தொடச்சிடும்மா. மத்தத விடு. அத மட்டும் தொடச்சிடு" என்பார். நான் ஒரு நாள் பொறுமை போய், "அவ்ளோ குத்தம்னா உங்க நோட்டுல எழுதுங்க மாமா" என்றேன். "பொம்மையெல்லாம் நோட்டுல எழுத முடியாது" என்று எழுந்து போய்விட்டார். பொம்மையாம். அன்றைக்கு "நம்ம கப்பலு", இன்றைக்குப் பொம்மை!

மாமியார் வேறு நடுவில் வந்து, கிறிஸ்துமஸ் குடிலில் இடையர்களுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டால் அழகாக இருக்கும் என்றார். அவரையும் பகைத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு நினைப்பு இருந்தது. சென்னையில் டிசம்பர் ஆரம்பத்தில் எங்களைப் போன்றவர்கள் கூடிக் காட்சி வைக்கிறார்கள், போட்டியும் உண்டு. போன் குழுவில் மூன்று வருடமாக என் படங்களைப் போடுகிறேன். "சூப்பர் சார்", "எந்த பிரஷ் சார்?" என்றுதான் இன்றுவரை பதில் வருகிறது. நான் பெண்பிள்ளை என்று எழுதினாலும் மறுநாள் திரும்பவும் சார்தான். எனக்குப் பரிசுகூடப் பெரிதில்லை. அந்த மேஜையில் என் விமானம் நிற்க வேண்டும், அதன் பக்கத்தில் சேலை கட்டிக்கொண்டு நான் நிற்க வேண்டும். வந்தவன் எல்லாம் சாரைத் தேட வேண்டும். இதற்காக ஒன்பது மாதம் கண் எரிய உட்கார்ந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை வேலை முடிந்து வந்தேன். மேஜை மேல் விமானம் பளபளவென்று நின்றது. கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளர் தோற்றுப்போகும். கரி இல்லை, சேறு இல்லை, கீறல் இல்லை, வெளுப்பு இல்லை. அழுக்கின் மேல் கடைசி வார்னிஷ் பூச்சு இன்னும் அடிக்கவில்லை, சனிக்கிழமை காலையில் அடிக்கலாம் என்று வைத்திருந்தேன். அது இல்லாமல் மண்ணெண்ணெய் பட்டால் எல்லாம் ஒரு துடைப்பில் போய்விடும். போய்விட்டிருந்தது. வீடே மண்ணெண்ணெய் நாற்றம். மாமனார் பனியன் துணியை நான்காய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகில் இருந்த ஆன்டெனாக் கம்பி வேறு உடைந்து துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலைல கப்பல இப்பிடித்தான் தொடைப்போம்" என்றார். பெருமையாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை.

கத்தினேன். மாமனார், வயதானவர், எதுவும் பார்க்கவில்லை. "ஒம்போது மாசம் மாமா! ஒம்போது மாசம்! புள்ள பெத்திருக்கலாம்!" என்றேன். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "அந்த எண்ணெக் கோடு உங்கள இன்னா பண்ணிச்சி? தொடச்சிட்டா மட்டும் ஒழுகறது நின்னுடுமா?"

கடைசியாகச் சொன்னது எனக்கே அர்த்தமில்லாத பேச்சு. பிளாஸ்டிக்கில் எது ஒழுகுகிறது? ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. துணியை மெதுவாக மேஜையில் வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கணவர் எனக்கும் அந்தச் சாத்திய கதவுக்கும் நடுவே தட்டை வைத்துக்கொண்டு, "வயசான மனுஷன்…" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியைச் சோற்றோடு விழுங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவராகவே வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் உடைந்த கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"ஏம்மா. மறுநாளு பெரிய ஆபீசர் வராருன்னாங்க" என்றார்.

எந்த ஆபீசர், எப்போது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு கூட ஆவல. கப்பலு பளபளன்னு நிக்கணும்னு தொடச்சிக்கினு வரேன். எடது எஞ்சினுக்குக் கீழ எண்ணெ. ஒரு கோடு, முழ நீளம். அப்பிடி இருந்தா மொதல்ல எங்கருந்து வருதுன்னு பாக்கணும். நோட்டுல எழுதணும். அப்புறம்தான் துணிய வெக்கணும். நான் துணிய வெச்சிட்டேன்."

நான் பசையைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் எழுதிக்கலாம்னு இருந்தேன். சாப்பாட்டுக்கு மணி அடிச்சிட்டான். போய்ட்டேன். மறந்தும் போய்ட்டேன். காலைல மலைமேல இருக்கிற பட்டாளத்துக்கு அரிசி ஏத்திக்கினு கெளம்பிச்சி. உள்ள ஆறு பேரு. திரும்பி வரச்ச, மலைக்கு நடுவுல, எடது எஞ்சினு நின்னுப்போச்சி."

"ஐயோ. யாருக்காச்சும்…"

"ஒண்ணும் ஆவல. ஒத்த எஞ்சின்ல கொண்டாந்து எறக்கிட்டான். எறங்கி வந்த பைலட்டு என் கையப் புடிச்சி, இருக்கறதுலயே உன் கப்பலுதாம்பா சுத்தமான கப்பலுன்னான்." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் நோட்டப் பாத்தாங்க. நோட்டுல ஒண்ணும் இல்ல. திடீர்னு பூட்ச்சின்னு முடிச்சிட்டாங்க. நான் வாயத் தொறக்கல."

"அத்தைக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நீ அந்தக் கோட்ட எப்பிடிம்மா கரெக்டா அங்க போட்ட?"

எங்கேயாவது ஒரு கோடு வேண்டுமே என்று போட்டேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. நடந்தது நடந்துபோச்சு, ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதல் சொல்லலாம். அதையும் சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு, எழுதாமல் விட்டது என்றால் என்னவென்று தெரியும். இரண்டு நாளாகச் சாப்பிடக் கூப்பிடாத என் கொழுப்பை நினைத்து எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

"அந்தக் கோட்டத் திருப்பிப் போடு. நான் சொல்ற எடத்துல" என்றார்.

போட்டேன். உருக்கமெல்லாம் அரை மணி நேரம்தான். பிறகு பழைய எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டு வெரலு உள்ள தள்ளிம்மா" என்பார். நிஜ விமானத்தில் இரண்டு விரல் அகலம் என் விமானத்தில் ஒரு நூல் கனம்கூட வராது. துடைத்துவிட்டு மறுபடி போடுவேன். "மேல அகலம், போகப் போக சன்னம். காத்து பின்னால இழுக்கும்ல?" மறுபடி துடைப்பேன். ஏழாவது தடவை டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டார். சரி என்று நானே புரிந்துகொண்டேன். வார்னிஷையும் அடித்துவிட்டேன், இனி எந்த மண்ணெண்ணெய்க்கும் அசையாது.

தள்ளி வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். முழுக்கச் சுத்தமான விமானம், இடது எஞ்சினுக்குக் கீழே ஒரே ஒரு கோடு. ஒன்பது மாதமாக நான் போட்டதெல்லாம் படம் பார்த்துப் போட்ட பொது அழுக்கு. இது அந்த ஒரு விமானத்தின், அந்த ஒரு நாளின் அழுக்கு. பார்க்கிறவனுக்குக் கண் வேறெங்கும் போகாது. நான் இதுவரை செய்ததில் இதுதான் சிறந்தது என்று தெரிந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு கை பார்க்கலாம் என்று மனம் குதித்தது.

சனிக்கிழமை காலை தெர்மோகோல் பெட்டிக்குள் பஞ்சு வைத்து விமானத்தை இறக்கினேன். கள்ளக்குறிச்சியில் ஏறி உளுந்தூர்பேட்டையில் மாறினால் சாயங்காலத்துக்குள் சென்னை. நல்ல சேலை கட்டியிருந்தேன். கணவர் வாசலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டுக்கொண்டிருந்தார். பெட்டியோடு வெளியே வந்தால், ஆணிக்குப் பக்கத்தில் மாமனார் நோட்டோடு நின்றார்.

"எழுதிட்டேம்மா" என்றார்.

"இன்னாத்த?"

நோட்டை நீட்டினார். மிக்ஸி, கேஸ் டியூப், பிரேக் எல்லாம் தாண்டி ஒரு புதுப் பக்கம்.

"விமானம். இடது எஞ்சின் எண்ணெய்க் கசிவு. பறக்கத் தகுதி இல்லை."

மிக்ஸிக்கெல்லாம் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். இதில் இங்கிலீஷில், நான் பார்த்தேயிராத ஒரு பழைய கையெழுத்து, கீழே அவருடைய பட்டாளத்து நம்பர். தேதியும் போட்டிருந்தார். அது இன்றைய தேதி இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அந்த ஆறு பேர் ஏறுவதற்கு முந்தின நாள்.

"மாமா, இது பிளாஸ்டிக்கு" என்றேன். அழுகிற மாதிரித்தான் சொன்னேன்.

"தெரியும்மா." கேட்டைத் திறந்தே வைத்திருந்தார். சாவி எதையும் ஒளிக்கவில்லை. "நீ போறதுன்னா போ. நான் எழுத வேண்டியத எழுதிட்டேன்."

மறித்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஒன்பது மாதம், மூன்று வருடத்துச் சார், கட்டியிருந்த சேலை எல்லாம் என் கையில் அந்தப் பெட்டியாகக் கனத்தது. ஏன் எனக்கு மட்டும் இப்படி ஒரு குடும்பம் வாய்த்தது என்று வயிறெரிந்தது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி, நேராக நின்றுகொண்டிருந்தார்.

"சீக்கிரம் ஏறு, பஸ்ஸு போயிடப் போவுது" என்று கணவர் கத்தினார்.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"இன்னாச்சி?"

"எஞ்சின்ல லீக்கு. போவாது."

"என் வண்டிலயா?"

"ஏரோபிளேன்ல."

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பைத்தியக்காரி, பிளாஸ்டிக்குல இன்னாடி லீக்கு?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம், அவ்வளவையும் அந்த மனுஷன் தலையிலேயே கொட்டினேன்.

"நோட்டுல எழுதியிருக்குது இல்ல? எழுதினா எழுதினதுதான்! எறங்கி உள்ள வாங்க!"